காய்ச்சலுக்கு எதற்குக் கே.ஒய்.சி.?

"நம்ம ஊர் ஏழைக்கே ஆஸ்பத்திரியில பெட் கிடைக்கல, இதுல அகதிக்கு வேற வைத்தியமா சார்?"

தில்லியில் அகதிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஐந்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டிருக்கிறேன், மெட்ரோவில் கேட்டிருக்கிறேன், நம் தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் ஒன்றும் கொடூரமானவர்கள் இல்லை. விடிகாலை நாலு மணிக்குப் போய் அரசு மருத்துவமனை வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்கள்தான். அதனால்தான் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லலாம் என்று தோன்றியது.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, இருபது வருடத்துக்கும் மேலாக அடுத்தவர்களின் அடையாளக் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவன். ஒருவரிடம் எதற்குக் காகிதம் கேட்கவேண்டும், எதற்குக் கேட்கக்கூடாது என்பது பற்றி மட்டும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. மருத்துவமனைச் சீட்டுக்கு அடையாள அட்டை கேட்பது தேவையற்றது என்பது அந்த அபிப்பிராயம்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடுவோம். போகல், லாஜ்பத் நகர், மாளவியா நகர் பக்கம் ஆப்கானியர்கள். விகாஸ்புரி, உத்தம் நகர் பக்கம் மியான்மரிலிருந்து வந்த சின் இன மக்கள். யமுனை ஓரம் மதன்பூர் காதர், காளிந்தி குஞ்ச் குடிசைகளில் ரோஹிங்கியாக்கள். இவர்களில் பலரிடம் ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்த அட்டை இருக்கிறது. 2022, 2023 கணக்குப்படி இந்தியா முழுவதுமாக அந்த ஆணையத்தில் பதிந்திருந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். (திபெத்தியர்களையும் இலங்கைத் தமிழர்களையும் அரசே நேரடியாகக் கவனிப்பதால் அவர்கள் கணக்கு தனி.)

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. 2011 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் ஒரு நடைமுறையை வகுத்தது. நியாயமான அச்சத்தால் ஓடிவந்தவர் என்று தெரிந்தால் நீண்டகால விசா கொடுக்கலாம் என்றது அது. 2019-இல் அதைத் திருத்தினார்கள். அந்த விசா கிடைத்தவருக்கு வாழ்க்கை ஓரளவு நகரும். கிடைக்காதவருக்கு ஐ.நா. அட்டைதான் எல்லாம். அந்த அட்டையை வைத்து ஆதார் வாங்க முடியாது. வெளிநாட்டவரிடம் ஆதார் ஆணையம் கேட்பது பாஸ்போர்ட்டும் விசாவும். அகதி என்பவரே பாஸ்போர்ட் கொடுக்கவேண்டிய அரசாங்கத்திடமிருந்து தப்பித்து வந்தவர். எங்கே போய் வாங்குவார்?

இதில் வேடிக்கை என்னவென்றால், 2016-இன் ஆதார் சட்டம் குடிமகன் என்றே பேசவில்லை. பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே வசித்தவர் என்றுதான் சொல்கிறது. ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஒன்பதாம் பிரிவில் பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறது. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆதார் இல்லையென்றால் ஆளே இல்லை.

"அப்படியானால் சட்டப்படி அவர்களுக்கு உரிமையே கிடையாதே" என்பீர்கள். அதுதான் இல்லை. அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு (பேச்சுரிமை, தொழில் உரிமை எல்லாம்) குடிமக்களுக்கு மட்டும். உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21-ஆவது பிரிவோ 'எந்த ஒரு நபரும்' என்கிறது. எழுதியவர்கள் வார்த்தை தெரியாமல் எழுதவில்லை. 1996-இல் அருணாசலப் பிரதேசத்து சக்மா அகதிகள் வழக்கில், குடிமகன் ஆனாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொருவர் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருடம் இன்னொரு வழக்கு. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. அவசர சிகிச்சை மறுப்பது 21-ஆவது பிரிவை மீறுவது என்று தீர்ப்பு வந்தது. இரண்டு தீர்ப்பையும் சேர்த்து வாசித்தால் என் கட்சிக்கு வேறு ஆதாரமே வேண்டாம்.

ஆக, உரிமை காகிதத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் அகதிகள் போகலாம் என்பதுதான் பொதுவான நிலைப்பாடு. தடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. பிறகு எங்கே இடிக்கிறது?

கவுண்டரில்தான். இங்கே ஓ.பி. சீட்டுக்கு 'பர்ச்சி' என்று பெயர். பர்ச்சி போடும் ஜன்னலில் "ஆதார் கார்டு லாவ்" என்பார்கள். ஐ.நா. அட்டையை நீட்டினால் அதைப் பார்த்தறியாத குமாஸ்தா, "யே க்யா ஹை?" என்பார். அன்றைக்கு அவர் மனநிலை நன்றாக இருந்தால் சீட்டு. இல்லாவிட்டால் அடுத்த ஆள். ஒரு மனிதரின் சிகிச்சை ஒரு குமாஸ்தாவின் மனநிலையில் தொங்குகிறதென்றால் அதற்குப் பெயர் உரிமை இல்லை, தயவு.

சீட்டு கிடைத்து, டாக்டரும் பார்த்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வாசல் இருக்கிறது. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து இலவசம், நல்ல திட்டம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிடவேண்டும். பட்டினி வயிற்றில் அந்த மாத்திரைகளை விழுங்க முடியாது என்பதால் 2018 ஏப்ரலிலிருந்து சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் தந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆனது. இந்தப் பணம் கையில் வராது, வங்கிக் கணக்குக்குத்தான் போகும். இந்த உதவிக்கு ஆதார் கேட்கும் அறிவிக்கை 2017-லேயே வந்துவிட்டது. மருத்துவமனைப் பிரசவத்துக்குத் தரும் ஜனனி சுரக்ஷா உதவியும் இதே வழியில் வங்கிக் கணக்குக்கே போகிறது.

வங்கிக் கணக்கு என்றதும் என் மேஜைக்கு வந்துவிட்டோம். ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொள்ளும் ஆவணங்களின் பட்டியல் சின்னது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதம், அவ்வளவுதான். ஐ.நா. அட்டை அதில் இல்லை. ஆக, ஆதார் இல்லாததால் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் சத்துணவுப் பணம் இல்லை. சத்துணவு இல்லாமல் மாத்திரை குமட்டி, மூன்றாவது மாதம் ஒரு நோயாளி மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? மருந்துக்கு அடங்காத காசநோய் கிளம்பும். அது மதன்பூர் காதரிலேயே உட்கார்ந்திருக்குமா? பஸ் ஏறி வரும். நாற்பதாயிரம் பேரின் பிரச்னை என்று நினைத்தது நம் வீட்டுப் பிரச்னையாகிவிடும்.

இப்போது என் தொழில் சார்ந்த வாதம். வங்கியில் நாங்கள் ஏன் கே.ஒய்.சி. கேட்கிறோம்? பொழுது போகாமல் இல்லை. பணத்துக்கு வேஷம் போட முடியும். லஞ்சப் பணம் வியாபாரப் பணமாக வரும், கடத்தல் பணம் அத்தை கொடுத்த அன்பளிப்பாக வரும். அந்த வேஷத்தைக் கலைக்கத்தான் 2002-இல் தனிச் சட்டமே வந்தது. காய்ச்சலுக்கு என்ன வேஷம் போட முடியும்? தெர்மாமீட்டர் 103 காட்டினால் 103. அடுத்தவர் பெயரில் பிரசவ வலி எடுக்க முடியாது. பினாமி பெயரில் டெங்கு வராது. நோயாளி யார் என்பதற்கு அவர் உடம்பைவிட என்ன ஆவணம் வேண்டும்?

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. இவ்வளவு கறாரான ரிசர்வ் வங்கியே, கையில் எந்த ஆவணமும் இல்லாதவருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 'சிறு கணக்கு' என்று பெயர். ஒரு புகைப்படம், அதிகாரி முன்னிலையில் ஒரு கையெழுத்து அல்லது கைநாட்டு, போதும். இருப்பு 50,000-ஐத் தாண்டக்கூடாது, வருடத்தில் மொத்த வரவு 1 லட்சம், மாதத்துக்கு 10,000-க்கு மேல் எடுக்க முடியாது. பன்னிரண்டு மாதம் ஓடும். ஆவணத்துக்கு விண்ணப்பித்த சான்று காட்டினால் இன்னும் பன்னிரண்டு மாதம். இது அகதிகளுக்காக வந்த ஏற்பாடு இல்லை, நம் ஊர் ஏழைகளுக்காக வந்தது. ஆனால் அதன் பின்னால் இருக்கும் யோசனையைப் பாருங்கள். காகிதம் இல்லை என்பதற்காக ஆளை வாசலோடு அனுப்பாதே, ஆபத்து எவ்வளவோ அந்த அளவுக்கு வரம்பு வைத்து உள்ளே விடு. பணத்தைக் காக்கிற இடத்துக்கு இருக்கும் இந்த விவேகம் உயிரைக் காக்கிற இடத்துக்கு ஏன் இல்லை?

"சொல்வது சுலபம், நடைமுறையில் சாத்தியமா?" என்றால், நாமே செய்து காட்டியிருக்கிறோம். 2021-இல் கொரோனா தடுப்பூசிக்கு முதலில் ஏழு வகை அடையாள அட்டைகளில் ஒன்று கட்டாயம் என்றார்கள். பிறகுதான், அட்டையே இல்லாதவர்கள் ஊருக்குள் இருந்தால் கிருமி ஊரைவிட்டுப் போகாது என்பது உறைத்தது. 2021 மே மாதம் சுகாதார அமைச்சகம், அட்டை எதுவும் இல்லாதவர்களுக்கும் ஊசி போட ஒரு நடைமுறையை வெளியிட்டது. நாடோடிகள், பிச்சை எடுப்பவர்கள், சிறையில் இருப்பவர்கள், மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்கள் எல்லாம் அதில் வந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. நமக்குத் தொற்றும் என்று பயம் வந்தபோது அட்டை இரண்டாம்பட்சம் ஆனது. பயம் போனதும் அட்டை மறுபடி முதலிடத்துக்கு வந்துவிட்டது. இதுதான் எனக்கு எரிச்சல்.

இன்னொன்றும் கண்ணை உறுத்துகிறது. தென்தில்லியின் பெரிய தனியார் மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் பாரசீக எழுத்தில் போர்டு தொங்கும். மருத்துவ விசாவில் டாலரோடு வந்த ஆப்கானியருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு, விமான நிலையத்திலிருந்து கார் உண்டு. மூன்று கிலோமீட்டர் தள்ளி அரசு மருத்துவமனையில் அதே தாரி மொழி பேசும் அகதிப் பெண், தன் கர்ப்பப்பைக் கோளாறைப் பத்து வயது மகனை விட்டு இந்தியில் சொல்லவைக்கும் நிலை. மொழி தெரியாத ஊரில் டாக்டர் முன்னால் உட்காருவது எப்படி இருக்கும் என்று, இந்தி தெரியாமல் இங்கே வந்து இறங்கிய தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நமக்காவது ஆங்கிலம் கைகொடுத்தது.

தமிழ்நாடு என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம்களில் குறைகள் ஆயிரம் உண்டு. ஒண்டுக் குடித்தன வீடுகள், வருடக்கணக்கில் ஒழுகும் கூரை, இன்னும் கிடைக்காத குடியுரிமை. ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாமில் வாழும் அகதிகளுக்கும் இடம் உண்டு, அவர்களுக்கு வருமான வரம்பும் இல்லை. அறுவை சிகிச்சை அட்டைக்காக அவர்களை இந்தியராக மாறிவிட்டு வரச் சொல்லவில்லை. இதனால் தமிழ்நாட்டு ஏழைகளின் காப்பீடு திவாலாகிவிட்டதா? ஒரு மாநில அரசு மனசு வைத்தால் ஓர் அரசாணையில் முடிகிற காரியம் இது என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. அவர்கள் தமிழர்கள், அதனால் செய்தோம் என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் சொந்தம் என்பதால் கொடுத்தது சரியாக நடக்கிறதென்றால், சொந்தம் இல்லாதவருக்குக் கொடுத்தால் மட்டும் கணக்கு எப்படி உதைக்கும்?

இங்கே தில்லியிலோ மருத்துவத்துக்கு உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கிறது. 2018 ஏப்ரலில் காளிந்தி குஞ்ச் குடிசைகள் தீயில் எரிந்தபோது பலருடைய ஐ.நா. அட்டைகளும் சேர்ந்து எரிந்தன. அதற்கடுத்த மாதம் நீதிமன்றம், தில்லி, ஹரியாணா ரோஹிங்கியா குடியிருப்புகளில் சிகிச்சையோ பள்ளியோ மறுக்கப்பட்டால் அந்தப் பகுதி எஸ்.டி.எம்.மிடம் புகார் தரலாம் என்றது. நல்லது. ஆனால் குழந்தைக்கு நடு ராத்திரி ஜன்னி கண்டால் தாய் எஸ்.டி.எம். ஆபீஸ் திறக்கும்வரை காத்திருப்பாளா? ஏழு வருடம் கழித்து 2025-இல், ஆதார் இல்லாமலே பள்ளியும் மருத்துவமனையும் கிடைக்கவேண்டும் என்ற அதே கோரிக்கை மறுபடி அதே நீதிமன்றத்தில் நின்றது.

அதே 2025-இல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்தது, செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. உள்நோயாளியாகச் சேரும் வெளிநாட்டவர் பற்றிய விவரத்தை மருத்துவமனைகள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. விசாவோடு வந்தவருக்கு இது ஒரு படிவம், அவ்வளவுதான். விசா இல்லாத அகதிக்கு? பிரசவ வார்டுக்குள் கால் வைத்தால் போலீஸுக்குத் தகவல் போகும் என்று ஒரு பெண் நினைத்துவிட்டால், அவள் குடிசைக்குள்ளேயே பெற்றுக்கொள்ளத் துணிவாள். அதற்குப் பிறகு அவள் பிழைப்பதும் பிழைக்காததும் அதிர்ஷ்டம். மருத்துவமனையில் பிறந்திருந்தால் அந்தக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் என்று ஒரு காகிதமாவது சுலபமாகக் கிடைத்திருக்கும். அதுவும் போச்சு. வங்கியில்கூட நாங்கள் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையைத்தான் சந்தேகத்துக்குரியது என்று மேலே தெரிவிக்கிறோம். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் சந்தேக நபராக எழுதினால் வங்கிக்கு யார் வருவார்கள்?

தேசப் பாதுகாப்பு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவமனைக்கு வந்து பெயர், வயது, தெரு சொல்லிப் பதிந்துகொள்கிறவர் கண்ணுக்குத் தெரிகிறவர். துரத்தப்பட்டவர்தான் கண்ணில் படாமல் போவார். எது பாதுகாப்பு?

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். நம் ஏழைக்கே பெட் இல்லை. உண்மை. ஆனால் அந்த பெட்டை எடுத்துக்கொண்டது யார்? 2011 கணக்குப்படி தில்லியின் மக்கள்தொகை 1 கோடியே 67 லட்சம். ஐ.நா. ஆணையத்தில் பதிந்த மொத்த இந்திய அகதிகளையும் தில்லிக்குள்ளேயே கொண்டுவந்து கொட்டினாலும் ஆயிரத்துக்கு மூன்று பேர்கூடத் தேறாது. படுக்கை இல்லாததற்குக் காரணம் படுக்கை போடாதது. டாக்டர் இல்லாததற்குக் காரணம் காலியிடத்தை நிரப்பாதது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டவேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, வரிசையில் நமக்குப் பின்னால் நிற்பவன்மேல் காட்டுவது என்ன நியாயம்? ஆதார் கேட்டுத் திருப்பி அனுப்பப்படுவது அகதி மட்டும் இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். பீகாரிலிருந்து வந்து நடைபாதையில் தூங்குகிற கட்டடத் தொழிலாளியும் அதே ஜன்னலில்தான் நிற்கிறார். ஜன்னல் அகலமானால் இருவருக்கும் லாபம்.

"அவங்க வரி கட்டறாங்களா?" கட்டுகிறார்கள் ஐயா. வாங்குகிற சோப்புக்கும் பற்பசைக்கும் 2017-லிருந்து ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள். அதை வாங்கிக்கொள்ளும்போது எந்தக் கடையிலும் யாரும் ஆதார் கேட்பதில்லை.

நான் கேட்பது கோடிக்கணக்கில் செலவு வைக்கிற காரியம் எதுவும் இல்லை.

ஒன்று: பர்ச்சிக்குப் பெயர், வயது, வசிக்கும் இடம் போதும், ஐ.நா. அட்டை இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு. அது ஒவ்வொரு அரசு மருத்துவமனைக் கவுண்டரிலும் இந்தியில் ஒட்டப்படவேண்டும்.

இரண்டு: காசநோய், பிரசவ உதவிகளை வங்கிக் கணக்கு இல்லாதவருக்குப் பொருளாகக் கொடுக்கட்டும். பருப்பும் முட்டையும் கொடுக்க ஐ.எஃப்.எஸ்.சி. எண் வேண்டாம். அல்லது சிறு கணக்கு பாணியில் ஒரு வழியை ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லட்டும், நாங்கள் திறந்து தருகிறோம்.

மூன்று: அகதிகள் அதிகம் வாழும் பகுதிகளின் மருத்துவமனைகளில் தாரி, பர்மிய, ரோஹிங்கியா மொழி தெரிந்தவர்களைத் தினக்கூலிக்காவது வைக்கட்டும். அகதிகளிலேயே படித்தவர்கள் இருக்கிறார்கள்.

நான்கு: மருத்துவமனைப் பதிவேட்டுக்கும் குடியேற்ற அதிகாரியின் பதிவேட்டுக்கும் நடுவில், அகதிகள் விஷயத்திலாவது ஒரு சுவர் எழுப்பட்டும்.

யாரை இந்த நாட்டில் வைத்துக்கொள்வது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதை அரசும் நீதிமன்றமும் முடிவு செய்யட்டும். அதற்கு வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் காய்ச்சல் காத்திருக்காது. கவுண்டரில் இருப்பவர் அந்த முடிவைத் தன் ஜன்னலிலேயே எடுத்துவிடக்கூடாது, அவ்வளவுதான் என் வாதம்.

பி.கு.: "சட்டவிரோதமாக வந்தவனுக்கு வக்காலத்தா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில். தூக்குத் தண்டனைக் கைதிக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஜெயில் டாக்டர் வந்து பார்க்கிறார். குண்டுக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் அவனைவிடவா பெரிய குற்றவாளி?